முகவரி மட்டும் எழுதிய கோப்பு

கிட் என்னும் மென்பொருளின் மூல நிரல்கள் அடங்கிய களஞ்சியத்தில், ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கிடையே, மேல்மட்டத்திலேயே ‘ரெல்நோட்ஸ்’ என்ற பெயரில் ஒரு சிறு பொருள் வெகு காலமாக இருந்துவருகிறது. பெயரைப் பார்த்தால் புதிய வெளியீட்டைப் பற்றிய குறிப்புகள் அதற்குள் இருக்கும் என்று தோன்றும். திறந்து பார்த்தாலும் குறிப்புகளே கண்ணில் படும். ஆயினும் அதற்குள் அப்படிப்பட்ட குறிப்பு ஒரு வரிகூடக் கிடையாது. ‘டாக்குமென்டேஷன் என்ற கோப்புறைக்குள், ரெல்நோட்ஸ் என்ற உட்கோப்புறையில், இன்ன எண்ணுள்ள கோப்பைப் போய்ப் பார்’ என்று சொல்லும் ஒரு பாதை மாத்திரமே அதில் எழுதப்பட்டிருக்கிறது. 2005 ஜூலை முதல் கிட்டைப் பராமரித்துவரும் ஜூனியோ ஹமானோ, பழைய வெளியீட்டின் திருத்தங்கள் சேர்ந்துவரும் கிளையைப் புதிய வெளியீட்டுக்கான கிளையோடு ஒன்றுசேர்க்கும் சந்தர்ப்பங்களில், அவர் பராமரிக்கும் மென்பொருளே இந்தச் சிறு பொருளின் முன்னால் வந்து நின்று, ‘இதில் எது சரி என்று நிர்ணயிக்க என்னால் ஆகாது’ என்று கையை விரித்துவிடுகிறது. அவர் எழுதிவைத்த பதிவுக் குறிப்புகளில், முரண்பட்ட கோப்புகளின் வரிசையில், ரெல்நோட்ஸின் பெயரைப் பலமுறை காணலாம். லட்சக்கணக்கான வரிகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றுசேர்க்கும் ஒரு யந்திரம், ஒரே ஒரு வரியுள்ள பொருளின் முன்னால் தயங்குவதற்குக் காரணம் என்ன? தயங்காமல் அது சேர்த்துவிட்டால் என்ன அனர்த்தம் விளையும்? இவ்விரண்டையும் சற்று நிதானமாகப் பார்ப்பது, கணினித் தொழிலில் ஈடுபடாதவர்களுக்கும் சுவாரஸ்யமாகவே இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

நிரலாளர்கள் ‘வெர்ஷன் கண்ட்ரோல்’ என்று சொல்லும் ஏற்பாட்டைப் பற்றி முதலில் இரண்டொரு வார்த்தை. ஒரே மென்பொருளைப் பல ஊர்களில், சில சமயம் பல தேசங்களில் இருக்கும் மனிதர்கள் சேர்ந்து எழுதுகிறபோது, யார், எப்போது, எதை, என்ன காரணத்தினால் மாற்றினார்கள் என்ற சரித்திரம் முழுவதையும் பதிவு செய்துவைப்பதே இதன் உத்தியோகம். லினக்ஸ் கருவகத்தின் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய கிட்தான் இன்று இவ்விஷயத்தில் உலகெங்கும் புழக்கத்தில் இருப்பது. ஒவ்வொரு பதிவுக்கும் ‘கமிட்’ என்று பெயர். ஒரு குறிப்பிட்ட கமிட்டிலிருந்து இரண்டு பேர் தனித்தனியே வேலையைத் தொடர்ந்தால் அவை இரண்டு கிளைகள். பிரிந்த கிளைகளை மறுபடி ஒன்றாக்குவது ‘மெர்ஜ்’. ஒன்றாக்கும்போது கிட் இரண்டு பிரதிகளை மட்டும் ஒப்பிடுவதில்லை. கிளைகள் பிரிவதற்கு முன்பு இருந்த பொது வடிவத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறது. பொது வடிவத்திலிருந்து ஒரு கிளை மட்டும் மாறியிருந்தால் மாறியதே வெல்லும். இரண்டும் வேறு வேறு இடங்களில் மாறியிருந்தால் இரு மாற்றங்களும் சேர்க்கப்படும். ஒரே வரியை இரண்டும் வெவ்வேறாக மாற்றியிருந்தால்தான் யந்திரம் நின்று, அந்த இடத்தில் இரு பக்கத்து வரிகளையும் அடையாளக் கோடுகளுக்கிடையே எழுதிவைத்து, மனிதனுடைய தீர்ப்புக்குக் காத்திருக்கும். இந்த முரணுக்கு ‘கான்ஃபிளிக்ட்’ என்று பெயர். சாதாரண எழுத்துக் கோப்புகளைப் பொறுத்தவரை இந்த விதி பெரும்பாலும் திருப்திகரமாகவே நடக்கிறது.

ரெல்நோட்ஸ் சாதாரணக் கோப்பு அன்று. அது ஒரு ‘சிம்பாலிக் லிங்க்’. பேச்சு வழக்கில் சிம்லிங்க். யூனிக்ஸ் பரம்பரையில் இது 1983-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வெளிவந்த 4.2 பிஎஸ்டி பதிப்பின் வாயிலாகப் பிரசித்தி பெற்றது. ஒரு குடும்பம் வீடு மாறிப் போகிறபோது, பழைய வீட்டுக் கதவில் ‘இவ்வீட்டார் தெற்கு வீதி இன்ன எண்ணுக்குக் குடிபோயிருக்கிறார்கள்’ என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போவதில்லையா? சிம்லிங்க் அந்தச் சீட்டுதான். சீட்டில் எழுதியிருப்பது முகவரி மாத்திரம். அந்த முகவரியில் வீடு இருக்கிறதா, இருந்தால் அதில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் சீட்டுக்குத் தெரியாது. ஒருவர் அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லும் கணத்தில்தான், இயங்குதளமானது சீட்டைப் படித்து, அதில் கண்ட பாதையில் போய், அங்கே இருப்பதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. போன இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ‘கோப்பு இல்லை’ என்ற பதில் வரும். சீட்டு மட்டும் கதவில் ஒட்டியபடியே இருக்கும். இல்லாத இடத்துக்குச் சீட்டு எழுதுவதையும் இயங்குதளம் தடுப்பதில்லை. இன்னொரு விசேஷம் உண்டு: முகவரியைக் கோப்பு மரத்தின் வேரிலிருந்து முழுமையாகவும் எழுதலாம், ‘இங்கிருந்து இரண்டு படி மேலே ஏறி, இடப்பக்கம் போ’ என்ற பாணியில், சீட்டு ஒட்டியிருக்கும் இடத்தை ஆதாரமாகக் கொண்டும் எழுதலாம். களஞ்சியங்களில் வைக்கப்படும் சிம்லிங்குகள் இரண்டாவது வகையாக இருப்பதே உத்தமம். ஏனெனில் முழு முகவரி என்பது எழுதியவருடைய கணினியில் மட்டுமே செல்லும்.

கிட் இந்தச் சீட்டை எப்படிப் பத்திரப்படுத்துகிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும். எந்தக் கோப்பின் உள்ளடக்கத்தையும் அது ஒரு பொட்டலமாகக் கட்டி, அந்த உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட நாற்பது எழுத்து நீளமுள்ள ஒரு முத்திரையை அதற்குப் பெயராக இடுகிறது. சிம்லிங்குக்கும் அதே மரியாதைதான். அதில் எழுதிய பாதையே உள்ளடக்கம், முடிவில் புதுவரிக் குறிகூடக் கிடையாது. ஆகவே, ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் அதே பாதையை அதே எழுத்துகளில், புதுவரிக் குறி இல்லாமல் எழுதிவைத்தால், இரண்டுக்கும் பொட்டலம் ஒன்றே, முத்திரையும் ஒன்றே. அப்படியானால் ஒன்று கோப்பு, மற்றொன்று சீட்டு என்ற பேதம் எங்கே இருக்கிறது? கோப்புறையின் பட்டியலில், பெயருக்கு முன்னால் எழுதப்படும் ஓர் எண்ணில் இருக்கிறது. சாதாரணக் கோப்புக்கு 100644, இயக்கத்தக்க கோப்புக்கு 100755, சிம்லிங்குக்கு 120000. இந்த ஆறு இலக்கங்களே அதன் ஜாதகம். இவை மாறிப்போனால், உள்ளே ஓர் எழுத்தும் மாறாமலே, பொருளின் சுபாவம் அடியோடு மாறிவிடும். கிட்டைப் போன்ற மற்ற ஏற்பாடுகளில், பழைய சிவிஎஸ் சிம்லிங்குகளைப் பதிவு செய்ய வகையே இல்லாமல் இருந்தது. சப்வெர்ஷன் 2004-இல் வந்த 1.1 பதிப்பில், ஒரு விசேஷ அடையாளத்தைக் கோப்போடு ஒட்டிவைத்து இந்தக் குறையைப் போக்கிக்கொண்டது. மெர்க்குரியலும் பட்டியலில் ஒரு கொடியைப் போட்டுச் சமாளிக்கிறது. ஏற்பாடுகள் வேறானாலும் தத்துவம் ஒன்றே: சீட்டைப் பதிவு செய், அது காட்டும் வீட்டுக்குள் நுழையாதே.

இப்போது ஜூனியோ ஹமானோவின் மேசைக்குத் திரும்புவோம். 2021 ஆகஸ்டில் 2.33.0 வெளியானது, அப்போது ரெல்நோட்ஸ் காட்டியது அந்த வெளியீட்டின் குறிப்பை. பிறகு பிரதானக் கிளையில் அடுத்த பெரிய வெளியீட்டுக்கான வேலை ஆரம்பமாகிச் சீட்டு 2.34.0 என்று திருத்தப்படுகிறது. பராமரிப்புக் கிளையிலோ, சில்லறைத் திருத்தங்களுக்கான வெளியீட்டை உத்தேசித்து, அதே சீட்டு 2.33.1 என்று திருத்தப்படுகிறது. இரண்டும் நியாயமான திருத்தங்கள். அந்தந்தக் கிளையில் அது அதுவே சரி. பராமரிப்புக் கிளையைப் பிரதானக் கிளைக்குள் சேர்க்கும்போது, பொது வடிவம் 2.33.0, நம் பக்கம் 2.34.0, வருகிற பக்கம் 2.33.1 என்று மூன்று முகவரிகள் ஏககாலத்தில் நிற்கின்றன. இவற்றை எழுத்துக் கோப்பைப் போலக் கலந்து, பாதி இதிலும் பாதி அதிலுமாக ஒன்றை உண்டாக்கினால், 2.34.1 என்று உலகத்தில் அன்றைக்கு இல்லவே இல்லாத ஒரு வெளியீட்டுக்கு வழி காட்டும் சீட்டு கிடைக்கும். அடையாளக் கோடுகளை இட்டு இரண்டையும் உள்ளே எழுதிவைக்கலாமா என்றால், அந்தக் கோடுகளும் பாதையின் பகுதியாகிவிடுமாதலால், எங்கும் போய்ச் சேராத பல வரிப் பாதை ஒன்றுதான் மிஞ்சும். ஆகையினால் கிட் இவ்விடத்தில் ஒன்றையும் கலப்பதில்லை. இந்த முகவரியா, அந்த முகவரியா என்று முழுசாகக் கேட்கிறது. இது அதன் சாமர்த்தியக் குறைவு அன்று, விவேகம்.

ஆனால் கேட்கிற விதத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. முரண் என்று அறிவித்துவிட்டு, வேலை செய்யும் கோப்புறையில் அது நம் பக்கத்துச் சீட்டையே அப்படியே விட்டுவைக்கிறது. முரணைத் தீர்க்கும் பழக்கமுள்ளவர் என்ன செய்வார்? ரெல்நோட்ஸைத் தம்முடைய எடிட்டரில் திறந்து அடையாளக் கோடுகளைத் தேடுவார். எடிட்டரோ சீட்டைப் பின்பற்றிப் போய், 2.34.0 குறிப்புக் கோப்பைத் திறந்து காட்டும். அதில் கோடுகள் ஏதும் இரா. ‘முரண் என்றது, ஒன்றையும் காணோமே’ என்று எண்ணி, அவர் திருப்தியோடு மூடிவிட்டு, எல்லாவற்றையும் சேர்க்கும் கட்டளையைத் தட்டிக் கமிட் செய்துவிட்டால், நம் பக்கத்துச் சீட்டு கேள்வியில்லாமல் வென்றுவிடுகிறது. ரெல்நோட்ஸ் விஷயத்தில் அதுவே சரியான விடை என்பது தற்செயல். வேறு சீட்டாக இருந்தால் எதிர்ப்பக்கத்தாருடைய திருத்தம் சத்தமில்லாமல் மறைந்திருக்கும். இன்னும் அவசரக்காரராக இருந்து, திறந்த கோப்பில் ஏதாவது திருத்திச் சேமித்தாரேயானால், அவர் திருத்தியது சீட்டை அல்ல, சீட்டு காட்டிய வீட்டை.

சரியான முறை கடினமானதன்று. முரண்பட்டவற்றை மட்டும் பட்டியலிடும்படி ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ கட்டளையைக் கேட்டால், ஒரே பெயருக்கு மூன்று வரிகள் வரும்; ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 120000 என்ற எண், பிறகு முத்திரை, பிறகு 1, 2, 3 என்ற படி. ஒன்று பொது வடிவம், இரண்டு நம்முடையது, மூன்று வருவது. தொடக்கத்து எண்ணைப் பார்த்த மாத்திரத்தில், நம்முன் இருப்பது கோப்பு அல்ல, சீட்டு என்று தெரிந்துவிடும். முத்திரையைக் கொடுத்து ஒவ்வொரு பொட்டலத்தையும் அவிழ்த்துப் பார்த்தால் மூன்று முகவரிகளும் கண்ணெதிரே இருக்கும். பிறகு, செக்அவுட் கட்டளையில் ‘அவர்ஸ்’ என்றோ ‘தேர்ஸ்’ என்றோ சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டு, ‘ஆட்’ கட்டளையால் முரண் தீர்ந்தது என்று பதிவு செய்யலாம். ‘மெர்ஜ்டூல்’ என்ற துணைக் கட்டளையை அழைத்தால், இது சிம்லிங்க் சம்பந்தமான முரண் என்று அதுவே கண்டுகொண்டு, உள்ளூர்ச் சீட்டா, வெளியூர்ச் சீட்டா, அல்லது கைவிடவா என்று ஓரெழுத்து விடை கேட்கும். ஒரே முரணை ஒருமுறை தீர்த்தால் அடுத்த தடவை தானே நினைவு வைத்துத் தீர்க்கும் ‘ரெரெரெ’ என்ற வசதி கிட்டில் உண்டாயினும், அதன் ஞாபகம் சாதாரணக் கோப்புகளுக்கு மட்டுமே. சிம்லிங்குகளைப் பற்றி அது ஒன்றும் நினைவில் வைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் மனிதன்தான் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். மெர்ஜ் செய்யும்போது ‘அவர்ஸ்’ என்றால் நாம் நின்றுகொண்டிருக்கும் கிளை. ஆனால் ரீபேஸ் என்ற மற்றொரு முறையில், நம்முடைய கமிட்டுகளை எடுத்து அடுத்த கிளையின் தலையில் ஒவ்வொன்றாக மறுபடி வைக்கும்போது, நின்றுகொண்டிருப்பது அவர்களுடைய கிளையின்மேல். ஆகவே ‘அவர்ஸ்’ என்பது அவர்களுடையதாகவும், ‘தேர்ஸ்’ என்பது நம்முடைய வேலையாகவும் தலைகீழாகிவிடும். எழுத்துக் கோப்பில் இந்தத் தவறு நேர்ந்தால் திருத்தங்கள் காணாமற்போனது படிக்கும்போதாவது தெரியும். ஒற்றை முகவரியில் நேர்ந்தால், அந்த முகவரியும் ஒழுங்காகவே ஏதோ ஒரு கோப்புக்குப் போய்ச் சேருமாதலால், வெகு நாள் யாருக்கும் தெரியாமலே இருந்துவிடும்.

சில சமயம் இரண்டு முகவரிகளுமே சரியல்ல, மூன்றாவது ஒன்றே சரி என்று ஆகும். அப்போது ‘எல்என்’ கட்டளையால் புதுச் சீட்டு எழுத வேண்டும். பழைய சீட்டு ஒரு கோப்புறையைக் காட்டுவதாக இருந்தால், ‘எஃப்’ என்ற வலுக்கட்டாய விருப்பத்தை மட்டும் கொடுத்து எழுதுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்: கட்டளையானது பழைய சீட்டைப் பின்பற்றி அந்தக் கோப்புறைக்குள் நுழைந்து, புதுச் சீட்டை உள்ளே ஒட்டிவிட்டு வெளியே வரும், பழையது பழையபடியே இருக்கும். ‘என்’ என்ற விருப்பத்தையும் கூடச் சேர்த்தால்தான் கதவிலுள்ள சீட்டு மாறும்.

முகவரிகள் முரண்படுவது ஒரு வகை என்றால், ஜாதகமே முரண்படுவது வேறொரு வகை. முன்னதைவிடச் சிக்கலானதும் அதுவே. ஒரு கிளையில் சிம்லிங்காகவே இருந்து முகவரி மட்டும் மாறுகிறது. மற்றொரு கிளையில் அதே பெயர் சாதாரணக் கோப்பாகிவிடுகிறது. வேண்டுமென்றே இப்படிச் செய்கிறவர்கள் உண்டு; அறியாமல் செய்கிறவர்களே அதிகம். உதாரணமாக, ஒரு வார்த்தையை எல்லாக் கோப்புகளிலும் ஒரே வீச்சில் மாற்றுவதற்காக லினக்ஸில் ‘செட்’ என்ற கருவியை, இருந்த இடத்திலேயே திருத்தும் விருப்பத்தோடு ஓட்டுகிறார்கள். அது உண்மையில் இருந்த இடத்திலேயே திருத்துவதில்லை. திருத்திய பிரதியைத் தற்காலிகமாகப் புதுக் கோப்பில் எழுதி, பிறகு அதைப் பழைய பெயருக்கு மாற்றிவைக்கிறது. பழைய பெயரில் இருந்தது சிம்லிங்காயிருந்தால், சீட்டு கிழிபட்டுப்போய், அந்த இடத்தில் முழுக் கோப்பின் பிரதி ஒன்று உட்கார்ந்துவிடுகிறது. லிங்குகளைப் பின்தொடரும்படி தனியே ஒரு விருப்பம் அந்தக் கருவியில் உண்டென்பதை அறிந்தவர் சிலரே. கிட்டின் பதிவில் 120000 என்பது 100644 ஆகிறது. எதிர்க்கிளையில் அந்தச் சீட்டை யாரும் தொடாதிருந்தால், மாறியதே வெல்லும் என்ற விதிப்படி இந்த மாற்றம் முரண் ஏதுமின்றி உள்ளே வந்துவிடும். அன்று முதல், ஒன்றாக இருந்த பொருள் இரண்டாகி, ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று மாறாத நிலை உண்டாகும். மெர்ஜுக்கு முன் வித்தியாசங்களைப் படிக்கிறவர், வரிகளை மாத்திரம் படிக்காமல், ‘நீக்கிய கோப்பின் மோட்’, ‘புதிய கோப்பின் மோட்’ என்று தலைப்பில் வரும் எண்களையும் படிக்க வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இரு பக்கமும் மாறியிருந்தால் கிட் நின்றுவிடும். 2021 நவம்பரில் வந்த 2.34 பதிப்பு முதல், எலைஜா நியூரன் எழுதிய ‘ஆர்ட்’ என்ற மெர்ஜ் முறையே அதன் இயல்பான முறையாயிற்று. அது இத்தகைய ஜாதி முரணைக் கண்டால், ஒன்றுக்கோ இரண்டுக்குமோ கிளையின் பெயரை வாலாக ஒட்டி வேறு பெயர் கொடுத்து, இரண்டையும் அழியாமல் வைத்து, அறிவிப்பும் கொடுக்கிறது. அப்புறம் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, மற்றதை நீக்கி, வால் ஒட்டிய பெயரைப் பழையபடி ஆக்குவது நம் வேலை.

இதன் பெரிய வடிவம் ஒன்று, பழைய மென்பொருள்களைச் சீரமைக்கும் இடங்களில் சர்வ சாதாரணம். ‘டாக்ஸ்’ என்ற கோப்புறை முழுவதையும் ‘டாக்குமென்டேஷன்’ என்று பெயர் மாற்றிவிட்டு, பழைய பெயரை நம்பியிருப்பவர்களின் சௌகரியத்துக்காக, ‘டாக்ஸ்’ என்ற பெயரில் ஒரு சிம்லிங்கை விட்டுவைக்கிறார்கள். அதே காலத்தில் மற்றொரு கிளையில், இதை அறியாத ஒருவர், பழைய ‘டாக்ஸ்’ கோப்புறைக்குள் புதிதாக ஒரு கோப்பைச் சேர்க்கிறார். ஒன்றாக்கும்போது, ஒரே பெயர் ஒரு பக்கம் சீட்டாகவும் மற்றொரு பக்கம் கோப்புகள் நிறைந்த கோப்புறையாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. கோப்பு மரத்தில் அது சாத்தியமில்லை. சீட்டைப் பின்பற்றிப் போய்ப் புதுக் கோப்பை ‘டாக்குமென்டேஷனுக்குள்’ போட்டுவிடலாமே என்று நமக்குத் தோன்றும். மனிதன் செய்ய வேண்டியதும் அதுவே: புதுக் கோப்பைப் புதிய கோப்புறைக்கு நகர்த்து, வால் ஒட்டி ஒதுக்கப்பட்ட சீட்டைப் பழைய பெயரில் மறுபடி வை, இரண்டையும் பதிவு செய். ஆனால் யந்திரம் சீட்டைப் பின்பற்றிப் போய்த் தானாக அதைச் செய்யாது; செய்யவும் கூடாது. சிம்லிங்குக்கு அப்பாலுள்ள ஒரு பாதையைச் சேர்க்கச் சொல்லி நாமே கேட்டால்கூட, ‘அது சிம்லிங்குக்கு அப்பால் இருக்கிறது’ என்று சொல்லிக் கிட் மறுத்துவிடும்.

இந்தப் பிடிவாதத்துக்குத் தக்க காரணம் இருக்கிறது. களஞ்சியத்தில் யாரோ எழுதிய சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்ந்து எழுதத் தொடங்கினால், அந்தச் சீட்டு நம்முடைய வீட்டின் எந்த அறைக்கும் வழி காட்டலாம். 2021 மார்ச்சில் 2.30.2 பதிப்பை அவசரமாக வெளியிட நேர்ந்தது, இத்தகைய ஓர் ஓட்டையை அடைப்பதற்காகவே: பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் பாராட்டாத கோப்பு முறைமைகளில், பெயரில் அந்தப் பேதம் மட்டுமே உள்ள ஒரு கோப்புறையையும் ஒரு சிம்லிங்கையும் வைத்துத் தந்திரமாக அமைத்த களஞ்சியத்தை ஒருவர் பிரதி எடுத்த மாத்திரத்திலேயே, அவருடைய கணினியில் பிறருடைய நிரல் ஓடக்கூடியதாக இருந்தது. 2024 மே மாதத்தில், களஞ்சியத்துக்குள் களஞ்சியம் வைக்கும் ஏற்பாட்டையும் சிம்லிங்கையும் கூட்டிச் செய்யத்தக்க அதே ஜாதித் தந்திரம் ஒன்றுக்கு 2.45.1 பதிப்பில் பரிகாரம் தேட வேண்டியதாயிற்று. சீட்டின் வழியே எழுதமாட்டேன் என்று கிட் அடம் பிடிக்கிற ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் நமக்கு எரிச்சல் உண்டாகலாம். எரிச்சலுக்கு ஈடாகக் கிடைப்பது அற்பமானதன்று.

விண்டோஸ் கணினிகளில் கதை வேறு விதமாகப் போகிறது. அங்கே சிம்லிங்குகள் விஸ்டா பதிப்போடுதான் வந்தன. வந்த பிறகும் அவற்றை உண்டாக்க நிர்வாகி அதிகாரம் தேவைப்பட்டது. 2017-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று, ‘டெவலப்பர் மோட்’ போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. ஆயினும் கிட்டை நிறுவும்போது அந்த வசதியைக் கேட்டு வாங்காதவர்களுடைய கணினியில், களஞ்சியத்திலுள்ள ஒவ்வொரு சிம்லிங்கும், முகவரியை உள்ளே எழுதிய ஒரு சாதாரணக் குட்டி எழுத்துக் கோப்பாகவே வந்து இறங்கும். பதிவில் அதன் எண் 120000 என்றே இருக்கும். அந்த அளவில் கிட் ஜாக்கிரதையாகவே நடந்துகொள்கிறது. ஆனால் அந்தக் குட்டிக் கோப்பை ஒருவர் எடிட்டரில் திறந்து, முகவரியைச் சரியாகவே திருத்திச் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான எடிட்டர்கள், கேட்காமலே, கடைசியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்துவிடும். கோப்பில் அது கண்ணுக்குத் தெரியாத அற்பம். முகவரியிலோ அது ஓர் எழுத்து. லினக்ஸில் அந்தக் கமிட்டை எடுத்துப் பார்க்கிறவருக்கு, பெயரின் முடிவில் புதுவரிக் குறியுள்ள ஒரு கோப்பைத் தேடும் சிம்லிங்க் கிடைக்கும்; அப்படி ஒரு கோப்பு இராது; மேலோட்டமாகப் பார்த்தால் முகவரி சரியாகவே இருப்பதுபோல் தோன்றலாம். வித்தியாசங்களைக் காட்டும் கட்டளையில், சிம்லிங்கின் அடியில் வழக்கமாக வர வேண்டிய ‘கோப்பின் முடிவில் புதுவரி இல்லை’ என்ற குறிப்பு வராமலிருப்பதே இதற்கு அடையாளம். மற்ற கோப்புகளில் குறையாகத் தோன்றும் அந்தக் குறிப்பு, இங்கே மட்டும் ஆரோக்கியத்தின் சின்னம்.

விண்டோஸில் இருந்துகொண்டே முரணைத் தீர்க்க வேண்டியவர், கோப்பை எடிட்டரில் தொடாமல், பதிவேட்டிலேயே நேராக எழுதிவிடுவது உசிதம். முகவரியைப் புதுவரிக் குறி இல்லாமல் ஒரு பொட்டலமாக்கி, அதன் முத்திரையையும், 120000 என்ற எண்ணையும், பெயரையும் ‘அப்டேட்-இண்டெக்ஸ்’ கட்டளைக்குக் கொடுத்தால், கணினிக்குச் சிம்லிங்க் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பதிவு சரியாக விழும்.

இதுவரை சொன்னவையெல்லாம் யந்திரம் நின்று கேட்கும் முரண்கள், அல்லது கவனித்தால் கண்டுபிடிக்கத்தக்க மாற்றங்கள். என்னைக் கேட்டால், இவற்றைவிடப் பொல்லாதது, கிட் ‘எல்லாம் சரியாகச் சேர்ந்தது’ என்று பரம திருப்தியோடு அறிவிக்கும் இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒரு கிளையில் ஒருவர் அமைப்புக் கோப்பு ஒன்றை வேறு கோப்புறைக்கு நகர்த்துகிறார். அவருடைய கிளையில் அதைக் காட்டும் சிம்லிங்க் ஒன்றும் இல்லை. மற்றொரு கிளையில் இன்னொருவர் அதே கோப்பின் பழைய இடத்துக்கு வழி காட்டும் சிம்லிங்க் ஒன்றைப் புதிதாக வைக்கிறார். அவருடைய கிளையில் கோப்பு பழைய இடத்திலேயே இருக்கிறது. இருவரும் ஒரே பெயரைத் தொடவில்லை. ஆகவே முரண் இல்லை. ஒன்றாக்கினால், சீட்டு வந்து சேர்கிறது, வீடு போய்விடுகிறது. கோப்பு நகர்ந்ததைக் கிட் தன் சாமர்த்தியத்தால் கண்டுபிடித்து, அதில் மற்றவர் செய்த வரித் திருத்தங்களைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் அந்தக் கோப்பைக் காட்டும் சீட்டிலுள்ள முகவரியைத் திருத்துவது அதன் கடமை என்று அது கருதுவதில்லை. சிம்லிங்கையே ஒரு படி ஆழமான கோப்புறைக்கு நகர்த்தினாலும் இதே கதிதான்: உள்ளே எழுதிய ‘இரண்டு படி மேலே ஏறு’ என்பது எழுத்து மாறாமல் அப்படியே போகும், ஏற வேண்டியதோ இப்போது மூன்று படி.

லினக்ஸ் கருவகத்தில் இதையொத்த ஒரு பெரிய உதாரணம் உண்டு. வன்பொருள் வர்ணனைக் கோப்புகளை ஒரு கட்டமைப்பிலிருந்து மற்றொன்று எடுத்தாள்வதற்காக, அங்கே ‘ஸ்கிரிப்ட்ஸ்’ கோப்புறையின் ஆழத்தில், ‘ஆர்ம்’ என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் இருக்கிறது; அது மூன்று படி மேலே ஏறி, ‘ஆர்ச்’ கோப்புறைக்குள் இறங்கி, ஆர்ம் கட்டமைப்பின் வர்ணனைக் கோப்புறையைக் காட்டுகிறது. 2023-இல் வந்த 6.5 பதிப்பில், அந்தக் கோப்புறையில் குவியலாகக் கிடந்த கோப்புகளையெல்லாம் உற்பத்தியாளர் வாரியாக உட்கோப்புறைகளில் பிரித்து வைத்தார்கள். சிம்லிங்க் காட்டிய கோப்புறை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே சீட்டு பொய்யாகவில்லை. ஆனால் அந்தச் சீட்டின் வழியாக நுழைந்து குறிப்பிட்ட கோப்பைத் தேடிய 64 பிட் ஆர்ம் கோப்புகளின் வரிகள், ராஸ்பெர்ரி பைக்கு உரியவை முதலாக, ‘பிராட்காம்’ போன்ற உட்கோப்புறைப் பெயரைச் சேர்த்துத் திருத்தப்பட வேண்டியிருந்தன. அந்தத் திருத்தத்தை அறியாத கிளை எதுவானாலும், முரண் ஒன்றும் இல்லாமலே ஒன்றுசேர்ந்து, நிரலைத் தொகுக்கும்போது மட்டும் ‘கோப்பு இல்லை’ என்று நின்றிருக்கும்.

ஆகவே மெர்ஜ் முடிந்ததும், கமிட்டை வெளியே அனுப்புவதற்கு முன்பாக, ‘ஃபைண்ட்’ கட்டளையிடம் அனாதைச் சிம்லிங்குகளை மட்டும் தேடித் தரும்படி ஒருமுறை கேட்பது நல்ல சம்பிரதாயம். குனு பதிப்பில் ‘எக்ஸ்டைப்’ என்ற விருப்பத்தோடு ‘எல்’ என்ற எழுத்தைக் கொடுத்தால், போகும் இடம் இல்லாத சீட்டுகள் வரிசையாக வந்து நிற்கும். தானியங்கிச் சோதனை வைத்திருப்பவர்கள் இதையே அதில் ஒரு படியாகச் சேர்த்து, பட்டியல் வெறுமையாக இல்லாவிட்டால் மெர்ஜை ஏற்காமல் விட்டுவிடலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம். பட்டியலில் வருகிற எல்லாமே பிழை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. சோதனைக்காகவே அனாதையாக வைக்கப்பட்ட சிம்லிங்குகள் பல களஞ்சியங்களில் உண்டு. ஈமாக்ஸ் எடிட்டரோ, ஒரு கோப்பில் திருத்தங்கள் சேமிக்கப்படாமல் இருக்கும் வேளையில், மற்றவர் அதைத் தொடாதபடி, கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் வேலிக்குறியும் சேர்த்து ஒரு சிம்லிங்கை உண்டாக்குகிறது. அதில் எழுதியிருப்பது எந்தக் கோப்பின் பாதையும் அல்ல; திருத்துகிறவரின் பெயர், அவருடைய கணினியின் பெயர், அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஈமாக்ஸின் எண். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் சேர்க்கும் கட்டளையைத் தட்டுகிறவர்களுடைய கமிட்டில் அதுவும் ஏறிக்கொண்டு களஞ்சியத்துக்குள் போய்விடுவது உண்டு; ‘கிட்இக்னோர்’ கோப்பில் அந்தப் பெயர் வடிவத்துக்கு ஒரு வரி எழுதிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.